நூற்றைம்பது மைக்ரோகிராம்

கித்ஃபாவில் எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தால்
வருவது கடல்தான்,
உப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்த கடல்.
கழற்றுகிறவர்களில் ஒருவர் என் கணவர்,
சவ்வுகளின் அழுத்தம் பார்க்கும் இரவு ஷிப்ட்.
விடிந்து வீடு திரும்பும் தேவசகாயத்தின் முதுகில்
சட்டையோடு ஒட்டிய ஒரு வெள்ளை வரைபடம்.
அந்த உப்பு கடலுடையதல்ல,
அவருடையது.

பதினோராவது வாரம்.
இரத்தச் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு
"வீட்டில் என்ன உப்பு?" என்று கேட்டார் டாக்டர்.
முப்பத்திரண்டு வயதுவரை
ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.
பெருமையாகவே சொன்னேன்:
இளஞ்சிவப்பு. பாறையில் வெட்டியது. கிலோ பதினெட்டு திர்ஹம்.
பக்கத்து ஃப்ளாட் ஜெசிந்தா பேச்சைக் கேட்டு
ஒன்றரை வருடமாய் அதேதான்.
பேனாவை மூடினார்.
"நிறம் நல்ல நிறம்தான்.
அயோடின் பேருக்குக்கூட இல்லை."

மீன் வாடை இப்போது ஆகவில்லை.
முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது.
பாலை விட்டு சுலைமானிக்கு மாறி மூன்று மாதம்.
ஆனால் தினமும் இரண்டு மிட்டாய் மாத்திரை சாப்பிடுகிறேனே,
கர்ப்பிணிகளுக்கென்றே விற்பது?

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.
ஃபோலிக் அமிலம் உண்டு.
வைட்டமின் டி உண்டு.
ஸ்ட்ராபெர்ரி வாசனை உண்டு.
கரடிக்குட்டி உருவம்கூட உண்டு.

மருந்துக்கடை நெர்மின் கெய்ரோக்காரி,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டுதான் பேசுவாள்.
நான் எடுத்தது கடற்பாசி மாத்திரை.
மூடியில் பச்சை அலை,
'இயற்கை' என்று மூன்று இடத்தில்,
நார்வேயின் குளிர்ந்த நீரில் விளைந்ததாம்.
ஜன்னலுக்கு வெளியே ஓமான் கடல் சும்மா கிடக்க
இன்னொரு நாட்டுக் கடலுக்கு
எழுபது திர்ஹம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தாள்.
"பாசிக்கு அளவு தெரியாது.
ஒரு மாத்திரையில் கொஞ்சம்,
அடுத்ததில் கொட்டிக் கிடக்கும்.
குறைந்தாலும் வீங்கும் தொண்டை,
கூடினாலும் வீங்கும்.
உள்ளே இருப்பவருக்கும் ஒரு குட்டித் தொண்டை வளர்கிறது, மறக்காதே."
சொட்டு மருந்து பாட்டிலையும் தள்ளி வைத்தாள்:
ஒரு சொட்டில் பல நாள் கணக்கு.
தைராய்டு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்,
டாக்டர் சீட்டை வாங்கி, கண்ணாடியை இறக்கி, படித்தாள்.
பிறகு கீழ்த் தட்டுக்குக் குனிந்து
படமில்லாத, பாட்டில்லாத ஒரு வெள்ளைப் பெட்டி:
பொட்டாசியம் அயோடைடு,
நூற்றைம்பது மைக்ரோகிராம்.
"எண் தெளிவாக இருக்கிறதா?
அப்படியென்றால் சலிப்பூட்டுவதையே வாங்கு."

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டரை திர்ஹமுக்கு
அயோடின் கலந்த சாதா உப்பும் ஒரு பாக்கெட்.
இறுக்கி மூடும் டப்பாவில், அடுப்புக்கு எட்டாத மூலையில்,
இறக்கி வைத்தபின் போட.
இளஞ்சிவப்பு அரைக்கிலோ மீதியிருக்கிறது.
சிங்க் தேய்க்க அருமையாக இருக்கிறது.
ஜெசிந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தேவசகாயம் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
அளவென்றால் அவருக்கு விட மனசு வராது.
போனில் பெருக்கினார், வகுத்தார்.
"ஒரு ஆயுளுக்கே
ஒரு தேக்கரண்டி வராது" என்றார்.
ராத்திரி முழுக்க டன் டன்னாய் உப்பைத் தள்ளுகிறவர்
அந்தப் பெட்டியைக் கீழே வைக்காமல்
கொஞ்ச நேரம் நின்றார்.

முதல் மாத்திரை.
விழுங்கக் குழாய்த் தண்ணீர்தான்.
சுவை ஒன்றும் தெரியவில்லை.
கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன்,
உடனே ஏதாவது நடந்துவிடும் என்பதுபோல.

கீழே ஷிப்ட் வேன் ஹாரன்.
துவைத்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு
படியிறங்கினார்,
மீதிக் கடலைக் கவனிக்க.